கடைசியாக வைத்த ரேகை

ஒரு பெண்ணுக்குச் சேரவேண்டிய பணம் எங்கே போய் விழுந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஏழு மாதங்கள் தெரிந்திருந்தும் அவளிடம் சொல்லவில்லை.

இதுதான் என் குற்றம். வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவன் நான். கோப்பின் முதல் பக்கத்திலேயே விஷயம் இருக்கவேண்டும் என்று எத்தனையோ எழுத்தர்களைக் கடிந்துகொண்டவன். என் கோப்புக்கு மட்டும் வேறு விதி எதற்கு?

மறதி என்று நினைத்துவிடாதீர்கள். கவனக்குறைவும் அல்ல. பொறாமை! சொந்த வீடும் ஓய்வூதியமும் உள்ள அறுபத்தாறு வயதுக்காரனுக்கு, அரசு தரும் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கும் ஒரு வீட்டு வேலைக்காரியின் மேல் வந்த பொறாமை. சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

அவள் பெயர் பூங்கொடி. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் டவுனுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துச் செவிலிமேட்டுக்கு வருவாள். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, வீடு துடைத்துவிட்டுப் பன்னிரண்டு மணி பஸ்ஸில் திரும்புவாள். கணவன் ஏழுமலை அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். ஒரே மகள், பள்ளியில் படிக்கிறாள். மாமியார் உண்டு. அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டது. சொந்தமாக ஒரு சென்ட் இல்லை.

ஆனால் காகிதங்கள் உண்டு. ரேஷன் அட்டை, சாதிச் சான்று, வருமானச் சான்று, மாமியாரின் முதியோர் உதவித் தொகை... அத்தனைக்கும் மனு எழுதியவன் நான்தான். வாசல் கேட்டுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு நிற்பாள். "சார், ஒரு வெவரம் சார்" என்பாள்.

அந்தக் குரல் என் காதில் எப்படி விழும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து என்னிடம் விவரம் கேட்க ஆள் இல்லை. என் மகன் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டு உடம்பை மட்டும் விசாரிப்பான். பழைய அலுவலகத்துக்குப் போனால் நாற்காலி போடுவார்கள், டீ வரும், பிறகு எல்லாரும் கணினியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எந்த விண்ணப்பத்துக்கு எந்தப் படிவம், யாரிடம் மேல்முறையீடு, எத்தனை நாள் கெடு என்று தலைக்குள் ஓர் அலுவலகமே இருந்தது. அதற்கு ஒரே மனுதாரர் பூங்கொடி!

பிறகு அந்தத் தொகை வந்தது.

எனக்கு வேலையே இல்லாமல் வந்தது. முகாமில் யாரோ விண்ணப்பத்தைப் பதிந்தார்கள். பரிந்துரை இல்லை, கையெழுத்து இல்லை, நடையாய் நடக்கவில்லை. ஒருநாள் அவளுடைய கைபேசியில் 'டிங்' என்று ஓர் ஓசை. அவ்வளவுதான்.

ஈரக் கையோடு ஓடிவந்து என்னிடம் காட்டினாள். "சார், பாருங்க சார்! என் பேரு போட்டு வந்திருக்குது!"

வந்த தொகையை அவள் சொல்லவில்லை, கவனித்தீர்களா? பெயரைத்தான் சொன்னாள். ஓய்வூதியம் வரும் நாளில் என் கைபேசியும் 'டிங்' என்கிறது. என் முகம் ஒருநாளும் அப்படி ஆனதில்லை.

என் மனைவி சாரதா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்கு ஏன் வரல?" என்று கேட்டாள்.

"அரசு ஓய்வூதியர் குடும்பத்துக்குத் தகுதி கிடையாது" என்றேன்.

"அப்போ நீங்க இருக்கறதுதான் எனக்குத் தகுதியில்லாமப் போச்சா?"

பூங்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... சிரிக்கத்தான் வேண்டியிருந்தது.

அடுத்த மாதங்களில் அவள் மாறியதை நான் ஒரு கள ஆய்வாளனைப் போலக் கவனித்தேன். மிச்சக் குழம்பைச் சாரதா டப்பாவில் ஊற்றினால், "வோணாம்மா, ஊட்ல இன்னிக்கு முட்டை கொழம்பு" என்றாள். மகளுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். அந்தப் பெண் அதுவரை கரும்பலகையைப் பார்க்காமலே படித்திருக்கிறாள். மாமியார் இப்போது பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாராம். முன்பெல்லாம் "ஏய்" தான். ஏழுமலை, "உன்னாண்ட ஒரு நூறு ரூபா இருக்குமா?" என்று கெஞ்சிக் கேட்கிறானாம். இதைச் சொல்லும்போது அவள் கணவனைப் போலத் தலையைச் சொறிந்து நடித்துக் காட்டுவாள். சாரதா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஆறேழு மாதங்களில் வேலையை விட்டுவிட்டாள்.

பட்டுப் புடவையின் முந்தானை நுனியில் நூலை முடிச்சிட்டுத் தொங்கவிடுவார்களே, அந்தக் குஞ்சம் கட்டும் வேலை அவளுக்கு முன்பே தெரியும். ஆனால் நூலைக் கொடுக்கிறவன் கொட்டகையில் போய் உட்கார்ந்து, அவன் கொடுக்கும் கூலியை வாங்கிக்கொண்டு வரவேண்டும். இப்போது சொந்தமாக நூலும் மணியும் வாங்கினாள். காந்தி ரோட்டில் ஒரு கடையில் நேரே போய்ப் பேசினாள். புடவைகளை வீட்டுக்கே எடுத்து வந்து கட்டிக் கொடுத்தாள். "இனிமே பாத்திரம் தேய்க்க வரமாட்டேம்மா, கோச்சிக்காத" என்றாள் சாரதாவிடம். என்னிடம், "வரேன் சார்" என்று மட்டும்.

போய்த் தொலைந்திருந்தால் இந்த வாக்குமூலத்துக்கே அவசியம் இருந்திருக்காது. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தாள். வேலைக்கு அல்ல, விருந்தாளியாக! சாரதாவுக்குக் குஞ்சம் கட்டக் கற்றுக்கொடுப்பதற்காக.

சோபாவில் உட்காருவாள். முதல் நாள் நுனியில். மூன்றாவது வாரம் காலை மடக்கி வைத்துக்கொண்டு. இருவர் மடியிலும் ஒரே புடவை.

"இன்னாம்மா இது, முடிச்சா? சிக்கா? கடைக்காரன் பார்த்தான்னா அழுதுடுவான்."

"போடி, உன்னைவிட எனக்கு வெரல் மெல்லிசு."

"வெரலு மெல்லிசா இருந்து இன்னா பண்றது? சாருக்கு ரிமோட்ட எடுத்துக் குடுக்கறதுக்குத்தான் ஆவும்!"

சிரிப்பு. நான் அறைக்குள் நுழைவேன், சிரிப்பு நிற்கும். நான் வெளியேறுவேன், மறுபடி தொடங்கும்... நாற்பது ஆண்டு தாம்பத்தியத்தில் சாரதா என்னோடு அப்படி ஒருநாள் சிரித்திருப்பாளா? யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு எதுவும் வரவில்லை.

ஒருநாள் இருவரும் திருப்புட்குழிப் பெருமாள் கோயிலுக்குப் போய்வந்தார்கள். ஆட்டோ செலவு பூங்கொடி. "நான் குடுக்கறேன்னேன், விடமாட்டேங்கறா" என்று சாரதா வியந்து சொன்னாள். அந்த வியப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் அவளுக்கு எத்தனை ஆட்டோ பிடித்துக் கொடுத்திருப்பேன்! ஒரு தடவையாவது வியந்தாளா?

இப்போது நீங்கள் எதிர்பார்ப்பது மொட்டைக் கடுதாசி. தகுதியற்றவர் பயன்பெறுகிறார் என்று நான் எழுதிப் போட்டிருப்பேன் என்று. இல்லை. அதற்கும் ஓர் ஊக்கம் வேண்டும். என்னிடம் அதுகூட இல்லை. எனக்கு வாய்ப்பு தானாக வந்தது.

ஒரு மாதம் பூங்கொடிக்குத் தொகை வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. கணக்குப் புத்தகத்தோடு வந்தாள். சோபாவில் உட்காரவில்லை. கேட்டருகே நின்றாள்.

"சார், ஒரு வெவரம் சார்."

ஓராண்டுக்குப் பிறகு! உடம்பில் எனக்கு ஏதோ ஏறியது.

"தெருவுல எல்லாருக்கும் வந்துக்கினு இருக்குது சார். எனக்கு மட்டும் நின்னு பூட்ச்சு. இன்னா ஆச்சு சார்?"

ஒரே ஒரு கேள்வி கேட்டேன். சரியான கேள்வி. "சமீபத்துல வேற எங்கயாவது ரேகை வெச்சியா?"

"ஆமா சார். சின்ன மிஷினு வெச்சிக்கினு ஒருத்தரு வந்தாரு. புதுக் கணக்கு, ஒரு பைசா கட்ட வோணாம், இன்சூரன்சு உண்டுன்னாரு. மத்தவங்க யாரும் வெக்கல. எங்க ஊட்டுக்காரரு மூட்டை தூக்குற ஆளாச்சே, இன்சூரன்சு இருக்கட்டும்னு நான் வெச்சேன். புக்கு அப்பறமா தரேன்னு போனவருதான்."

"போன் நம்பர் எது குடுத்தே?"

"எங்க ஊட்டுக்காரரோட பழைய நம்பரு. அந்த சிம்மு இப்ப இல்ல சார்."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை; எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மாதிரித் தொகை கணக்கு எண்ணைத் தேடிப் போவதில்லை, ஆதார் எண்ணைத் தேடிப் போகிறது. அந்த எண் கடைசியாக எந்த வங்கியோடு இணைந்ததோ அங்கே போய் விழும். கடைசியாக வைத்த ரேகை எங்கேயோ, பணமும் அங்கே! பணம் நிற்கவில்லை. முகம் தெரியாத அந்தப் புதுக் கணக்கில் மாதாமாதம் சமர்த்தாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வங்கிக்குப் போய்ப் புத்தகம் கேள் என்று ஒரு வரி சொன்னால் போதும்.

அந்த வரி என் நாக்கு வரை வந்தது. உண்மையாகவே வந்தது... நம்புங்கள், நம்பாமல் போங்கள்.

"கள ஆய்வு முடியலன்னா இப்படித்தான் நிறுத்தி வெப்பாங்க. மனு போடணும். நான் எழுதித் தரேன்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "நீங்க இருக்கறப்போ எனக்கு இன்னா சார் கவலை!"

எழுதினேன். 'பணிந்து சமர்ப்பிப்பது யாதெனில்' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை. குறை சொல்ல முடியாத மனு. பயன் என்று எதுவும் இல்லாத மனு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஒன்று. வட்டாட்சியருக்கு ஒன்று. பிறகு நினைவூட்டு ஒன்று, அதன்பின் இரண்டாம் நினைவூட்டு. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நின்றாள். ஒவ்வொரு முறையும் திரும்ப வந்து, என்ன சொன்னார்கள் என்று என்னிடம் ஒப்பித்தாள். நான் தலையசைத்துக் கேட்டேன். அலுவலகம் மறுபடி திறந்துவிட்டது!

தொடர்பு முகவரியாக என் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தேன். நான்காம் மாதம் பதில் வந்தது. மனுதாரரின் ஆதார் இணைந்த கணக்கில் தொகை மாதந்தோறும் தவறாமல் வரவு வைக்கப்பட்டு வருகிறது என்று தெளிவாக எழுதி, வங்கியின் பெயரையும் குறிப்பிட்டிருந்தார்கள். நல்ல பதில். எழுதியவர் யாரோ வேலை தெரிந்தவர்.

பணிக்காலம் முழுவதும் ஒரு துண்டுச் சீட்டைக்கூட நான் கிழித்ததில்லை. அதைக் கிழித்தேன்.

அதுவரை செய்ததை மௌனம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு என்ன பெயர் சொல்வது? பெயர் எனக்குத் தெரியும். நீங்களும் ஊகித்திருப்பீர்கள்.

அந்தப் பணம் இல்லாமல் அவள் நூல் வாங்க முடியவில்லை. கடை கொடுத்த புடவைகளை நாள் தவறிக் கொடுத்தாள். கடைக்காரர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாம் மாதம் பூங்கொடி எங்கள் வீட்டு வேலைக்குத் திரும்பிவந்தாள். பின் வாசல் வழியாக.

முதல் நாள் வேலை முடிந்ததும் சாரதா சோபாவைக் காட்டி, "உக்காரு, காப்பி குடிச்சிட்டுப் போ" என்றாள்.

"இருக்கட்டும்மா" என்று பூங்கொடி நின்றுகொண்டே குடித்தாள். டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

சாரதா அந்தச் சோபாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து வீட்டில் சிரிப்புச் சத்தம் இல்லை. நான் விரும்பியது இதைத்தானே? கிடைத்துவிட்டதே! பிறகு ஏன் எனக்குக் காப்பி இறங்கவில்லை?

ஒரு காலையில் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவள் சாரதாவிடம் சொன்னது கூடத்தில் இருந்த என் காதில் விழுந்தது. "அவரு நம்பமாட்டேங்கறாரும்மா. ஊர்ல எல்லாருக்கும் வருது, உனுக்கு மட்டும் எப்பிடி நிக்கும், உங்க அண்ணன் ஊட்டுக்கு அனுப்பிக்கினு கீறியான்னு கேக்கறாரு. மாமியாரு மறுபடியும் ஏய்னுதான் கூப்புடுது. துட்டு போனா போவுதும்மா. திருடின்னு பார்க்கறாங்க பாரு..."

செய்தித்தாளின் பக்கத்தைப் புரட்டினேன். எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள்.

அன்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்வதென்றால் எதைச் சொல்வது? இன்றுதான் தெரிந்தது என்று ஒரு பொய்யாவது சேர்க்கவேண்டும். அந்தப் பொய்யை என்னால் சொல்ல முடியவில்லை. நேர்மையால் அல்ல! எனக்கு ஒரு நடைமுறை தெரியாமல் இருந்தது என்று அவள் நினைத்துவிடுவாளே என்றுதான். இதை எழுதும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. இருந்தாலும் அதுதான் காரணம்.

ஏழாம் மாதம் அது தானாகவே வெளியே வந்தது. சின்ன இயந்திரத்தோடு அதே வங்கி முகவர் அவள் தெருவுக்கு மறுபடி வந்தார். புத்தகம் எங்கே என்று பூங்கொடி சண்டை பிடித்திருக்கிறாள். ரேகை வை, கணக்கு இருக்கிறதா பார்க்கலாம் என்றிருக்கிறார். வைத்தாள். ஒன்பது மாதத் தொகையும் திரையில் நின்றது.

மறுநாள் காலை அவள் பின் வாசலுக்குப் போகவில்லை. முன் வாசல் வழியாக ஓடிவந்தாள். "அம்மா! சார்! துட்டு எங்கயும் போவல! அந்தப் புதுக் கணக்குலயே விழுந்துக்கினு இருந்திருக்குது! கடைசியா எங்க ரேகை வெக்கறமோ அங்கதான் போவுமாம். எங்க ஊட்டுக்காரருக்கு நேத்தே காட்டிட்டேன், மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு நிக்கறாரு!"

சாரதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள், பிறகு சிரித்தார்கள்.

பிறகு பூங்கொடி என் பக்கம் திரும்பினாள். எதற்குத் தயாராக இருந்தேன் என்று சொல்லட்டுமா? ரேகை வைத்தாயா என்று முதல் நாளே நான் கேட்டது அவளுக்கு நினைவு வரும்; ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பாள்; என் முகத்துக்கு நேரே கேட்பாள்... அவள் சிரித்தாள்.

"உங்களுக்கே தெரியாம பூட்ச்சு பாருங்க சார்! பரவால்ல சார், மனசுல வெச்சிக்காதீங்க. உங்க காலத்துல இதெல்லாம் ஏது? எனக்காக எத்தினி மனு எழுதினீங்க!"

என்னைத் தேற்றினாள்! விதிமுறை தெரியாத கிழவனைத் தேற்றுவதுபோல.

என் மானத்தைக் காத்துக்கொள்ள ஒரே வழிதான் இருந்தது: எனக்கு அன்றே தெரியும் என்று சொல்வது. சொன்னால் அறிவு மிஞ்சும், மனிதன் மிஞ்சமாட்டான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

"ஆமாம் பூங்கொடி, எனக்குத் தெரியாது" என்றேன். என் வாழ்நாளில் அந்தச் சொல்லை நான் சொன்னது அன்றுதான். அதுவும் பொய்!

அவள் உள்ளே போனபின் சாரதா என் எதிரே வந்து நின்றாள். "நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"சரி" என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் என்னிடம் எந்த விவரமும் கேட்டதில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால், வருந்துகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். முடியவில்லை.

பூங்கொடி இன்னும் எங்கள் வீட்டில்தான் பாத்திரம் தேய்க்கிறாள். கைவிட்டுப்போன கடை திரும்பக் கிடைக்கவில்லை. வேறு கடை தேடுகிறாள். ஆனால் அவள் மதிப்பு ஏறிவிட்டது. ரேகை விவரம் தெரிந்தவள் என்று நாலு தெருவில் வேலை செய்யும் பெண்கள் அவளைத் தேடி வருகிறார்கள். என் வீட்டு கேட்டுக்கு! என்னைப் பார்த்து, "பூங்கொடி அக்கா கீறாங்களா?" என்று கேட்கிறார்கள். நான் உள்ளே போய் அவளைக் கூப்பிடுகிறேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கேட்டில் சாய்ந்தபடி விளக்குகிறாள். நன்றாகவே விளக்குகிறாள். கேட்கக் கேட்க எனக்கு அதே எரிச்சல்... துளியும் குறையவில்லை.

முந்தாநாள் எதிர் வீட்டில் வேலை செய்யும் மல்லிகா வந்தாள். விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்து இருபத்தெட்டு நாளாகிறதாம்.

"அதுக்கு இன்னா, ரேஷன் கடையாண்ட பேரு குடுத்து வெய்யி. அடுத்த லிஸ்ட்டுல தானா வரும்" என்றாள் பூங்கொடி.

தவறு. நிராகரித்தால் முப்பது நாளுக்குள் இ-சேவை மையத்தில் மேல்முறையீடு பதியவேண்டும். கெடு தாண்டினால் அந்த விண்ணப்பம் செத்தது. பூங்கொடிக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். இரண்டடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மல்லிகா, "சரிக்கா" என்று நிம்மதியாகப் போனாள்.

கெடு இன்று மாலையோடு முடிகிறது. எதிர் வீட்டு மாடியில் மல்லிகா துணி உலர்த்துவது இங்கிருந்தே தெரிகிறது. கைதட்டினால் திரும்பிப் பார்ப்பாள். இப்போது மணி மூன்று. இ-சேவை மையத்தை ஐந்தரைக்கு மூடுவார்கள்.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.